முப்பது ஓம்

நரின் சந்தையில் நான் விற்கிற ஹீட்டருக்கு
ஆட்டுக்கடா என்று பெயர்.
நாலு இரும்புக் கால், கல்நார்க் குழாய் உடம்பு,
மேலே வரிவரியாய் நிக்ரோம் கம்பி.
முட்டாது.
எப்போதாவது வீட்டைக் கொளுத்தும்.

மைனஸ் இருபத்தாறில் கெனெஷ் வந்தான்,
கடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு.
"ஆயிரத்து அறுநூறு வாட் என்றாயே,
என் மகள் கையுறை போட்டுக்கொண்டு
வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.
திருடி."
உலர் பழக்காரி தராசைப் பாதியில் நிறுத்தினாள்.

நான் பதில் பேசவில்லை. பிளக்கைச் செருகினேன்.
மீட்டரில் இருநூற்று இருபது வோல்ட்.
கம்பி சிவக்கும்வரை காத்திருந்து பார்த்தால்
ஏழு புள்ளி மூன்று ஆம்பியர்.
அட்டைப்பெட்டி மூடியில் அவன் பார்க்கப் பெருக்கினேன்:
ஆயிரத்து அறுநூற்று ஆறு.
"ஆறு வாட் உனக்கு இலவசம்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.
நானும் அந்தத் தெருதான்,
ஒரே கம்பத்திலிருந்துதான் இருவருக்கும் மின்சாரம்.

அங்கே நூற்று எண்பது வோல்ட்.
ஆறு ஆம்பியர்.
வகுத்தால் முப்பது ஓம்.
சந்தையிலும் அதே முப்பதுதான், மயிரிழை முன்னே பின்னே.
என் கடா பொய் சொல்லவில்லை.

பெருக்கினேன்.
ஆயிரத்து எண்பது.

"நாற்பது வோல்ட்தானே குறைவு," என்றான்,
"ஐந்நூறு வாட் எப்படிப் போகும்?"
வோல்ட் தனியாகக் குறையாது, கெனெஷ்,
போகும்போது ஆம்பியரையும் கைபிடித்துக் கூட்டிப்போகும்.
அழுத்தத்தில் ஐந்தில் ஒன்றுகூடப் போகவில்லை,
சூட்டில் மூன்றில் ஒன்று போய்விட்டது.
பட்ட காலிலேயே படும் என்பதைக்
கணக்கில் வர்க்கம் என்பார்கள்.
கணக்கில் மட்டுமா என்று கேட்காதே.

மகள் பென்சிலைக் கடித்தபடி
அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, கம்பியை வெட்டு" என்றான்.
மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் இருபது ஓம்.
நூற்று எண்பதை இருபதால் வகுத்தால் ஒன்பது ஆம்பியர்,
ஆயிரத்து அறுநூற்று இருபது வாட்.
அட்டையில் எல்லாம் அழகாய் வந்தது.
கட்டிங் பிளேயரைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஜன்னலில் பார்த்தேன்,
எதிர்வீட்டு ஜிபாரின் குண்டு பல்பை.
கடாவை அணைத்தேன். பல்பு வெளுத்தது.
போட்டேன். பழுத்தது.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.
அவள் ஜன்னலுக்கு வந்து
பல்பைத் தட்டிப் பார்த்தாள்.

டிரான்ஸ்பார்மர் பதினான்கு கம்பத்துக்கு அப்பால்.
அங்கிருந்து இங்கே வருவதற்குள்
நாற்பது வோல்ட் கம்பியிலேயே கரைகிறது.
கெனெஷின் ஆறு ஆம்பியரைக் கொண்டு பெருக்கினால்
இருநூற்று நாற்பது வாட்,
இவன் ஒருவன் பங்குக்கு மட்டும்
பனியைச் சூடாக்குகிறது.
ஒன்பதானால் இன்னும் கரையும்.
கரைவது ஜிபாருக்கும் சேர்த்து.

இந்தத் தெருவில் பதினொரு கடாக்கள்.
பதினொன்றையும் விற்றவள் நான்.

பிளேயரைப் பைக்குள் போட்டேன்.
"பணத்தைத் திருப்பித் தரட்டுமா?"
"பணத்தையா எரிக்கச் சொல்கிறாய்?" என்றான்.
ஆனால் திருடி என்று சொல்லவில்லை.
அது எனக்கு நிம்மதியாயிருந்ததா என்றால்,
இல்லை.

இரவு ஒன்பதுக்கு
என் வீட்டுக் கடாவை அணைத்துவிட்டு
இரண்டு கம்பளிக்குள் புகுந்தேன்.
தூக்கம் வராமல் எழுந்து
மீட்டரைப் பிளக்கில் குத்தினேன்.
நூற்று எண்பத்தொன்று.
ஒரே ஒரு வோல்ட்.

இருட்டிலேயே கணக்குப் போட்டேன், விரல்விட்டு.
முப்பது ஓமுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று இரண்டு.
பன்னிரண்டு வாட் கூடுதல், கெனெஷ் வீட்டுக்கு.
ஒரு கோழிக்குஞ்சுக்குப் போதும்.
ஒரு கையுறையைக்
கழற்றலாம், ஒருவேளை.