பக்கத்துக்கு மூன்று திர்ஹம்

ரோலாவில், சலவைக்கடைக்கும் பக்காலாவுக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்துபோன பாஸ்போர்ட்,
பிள்ளை பிறந்த சேதி, ஆள் இறந்த சேதி,
எல்லாவற்றுக்கும் என்னிடம் கட்டங்கள் உண்டு.
கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து போனாலும்
படிவம் திரும்பி வரும்.

நீ வந்தது ஒரு புழுதிக்காற்று நாள்.
சீருடை, புருவமெல்லாம் மணல், கையில் கணக்கு நோட்டு.
கதையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தாய்.
"தமிழ் அடிப்பீங்களா அக்கா? பக்கத்துக்கு எவ்வளவு?"
மூன்று திர்ஹம் என்றேன்.
மொத்தம் பதினொரு பக்கம். விரலில் எண்ணினாய்.
"அப்ப இன்னைக்கு நாலு பக்கம் போதும்."

பள்ளியில் உனக்கு இரண்டாம் மொழி இந்தி.
தமிழ் கற்றது
ஊருக்குப் போகும் கார்கோ பெட்டிகளில்
அப்பா மார்க்கரால் எழுதும் முகவரியைப் பார்த்து.
அதனால்தானோ என்னவோ
உன் ழகரம் கோட்டைத் தாண்டி
அடுத்த வரியில் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

ரகர றகரம் திருத்தினேன். நன்றி சொன்னாய்.
பக்காலாவை மளிகைக்கடை ஆக்கினேன்.
மறுநாள் பஸ் இறங்கிய கையோடு வந்து நின்றாய்.
"அவ மளிகைக்கடையில தயிர் வாங்க மாட்டா அக்கா.
அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.
பழையபடி போடுங்க."

பத்து வருடமாக அடிக்கிறேன்.
ஒற்றைச் சொல்லுக்காகத் திரும்பி வந்து
கேட்டு வாங்கிப் போனது நீ ஒருத்திதான்.
அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

கதையில் அவள், தயிர்ப் பாக்கெட்டோடு,
லிஃப்டில் மாட்டிக்கொள்கிறாள்.
ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே.
வெளியே யாரோ அவள் பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறார்கள்.
அங்கே நின்றது நாலாம் பக்கம்.
அன்றிரவு ரொட்டி சுடும்போது
பதில் சொன்னாளா, சொல்லவில்லையா என்றே யோசனை.
ஃபிளாட்டில் கூட இருப்பவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.
மீதிக்கு நீ காசு சேர்க்கும்வரை எனக்குப் பொறுமையில்லை,
நானே போன் செய்தேன்.
காரணத்தை அன்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்:
நீ எழுதியதால்
யாரோ ஒருத்தியின் தவாவில் ரொட்டி கருகியது.
அதற்குப் பிறகும் "நான் எழுதலாமா அக்கா" என்று கேட்காதே.

அனுப்பினோம்.
ஒரு பத்திரிகை அறுபது நாள் வாய் திறக்கவில்லை.
இன்னொன்று இரண்டே வரி: பயன்படுத்த இயலவில்லை, நன்றி.
என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாய்.
பையின் வாரை இறுக்கினாய், தளர்த்தினாய், இறுக்கினாய்.

இங்கே உட்கார்ந்து பார், தெரியும்.
போட்டோவில் பின்னணி வெள்ளை இல்லை என்று,
முத்திரை சாய்ந்துவிட்டது என்று
தினமும் திரும்பி வருகின்றன படிவங்கள்.
திட்டிக்கொண்டே மறுபடி டோக்கன் எடுக்கிறார்கள்.
பின்னணி சரியில்லை, இனி எனக்கு முகமே வேண்டாம் என்று
ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் படுத்ததில்லை.
நீயும் டோக்கன் எடு.

உனக்குப் பின்னால் இப்போது இன்னும் இரண்டு பேர்.
ஒருத்தி தம்பி தூங்கிய பிறகு
போர்வைக்குள் போனில் எழுதுகிறாள்.
இன்னொருத்தி நோட்டை மட்டும் காட்டுகிறாள்,
திறக்க விடுவதில்லை.
அட்டை நன்றாயிருக்கிறது என்றேன். சிரித்தாள்.
வருவாள்.

நேற்று உன் விசா புதுப்பிக்க உன் அம்மா வந்தார்.
பெயர் ஜெமிமா. வயது பதினாறு.
தொழில் என்ற கட்டத்தில்
மாணவி என்று அரபியில் அடிக்க வேண்டும்: தாலிபா.
விரல் அடித்தது காதிபா.
எழுதுகிறவள்.
வலமிருந்து இடமாக அதுவும் ஐந்தெழுத்து, இதுவும் ஐந்தெழுத்து.
இரண்டு எழுத்துதான் வித்தியாசம்.
கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது.

உன் அம்மா கைப்பையில் சில்லறை தேடி முடிக்கும்வரை
அப்படியே விட்டுவைத்தேன்.
பிறகு திருத்தினேன். படிவம் திரும்பி வரக் கூடாதே.

அந்த இரண்டு எழுத்தை
பஸ் இறங்கிய கையோடு
நீயே வந்து கேட்டு வாங்கிக்கொள்.