வாட்டம்

விற்றவன் சொன்னான்:
"பத்து வருசத்துக்கு வாட்டமே வராது."
உண்மைதான்.
வாட்டம் இல்லாததுதான் வினையாயிற்று.

சம்மாந்துறையில்
வயலை மூடிக் கட்டிய வீடு எங்களது.
வளவு முழுக்கக் களி.
கோடையில் கால்விரல் நுழையும் வெடிப்பு,
மாரியில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.
அதன்மேல் அப்படியே விரித்தோம்
பச்சைப் பிளாஸ்டிக் புல்லை.

கார்த்திகையின் மூன்றாம் மழைக்குப்
புல் மிதந்தது.
இங்கே மிதித்தால்
அங்கே ஏப்பம் விட்டது.
அடியில் அகப்பட்ட தவளை ஒன்று
விடியும்வரை முறையிட்டது.

மேசன் நௌஸர் வந்தார்.
ஒரு மூலையைத் தோலுரிப்பதுபோல் தூக்கி,
களியைக் கிள்ளி உருட்டிப் பார்த்து,
"இது தண்ணி குடிக்கிற மண் இல்ல,
வாயில வெச்சிக்கிட்டு இருக்கிற மண்" என்றார்.

பிறகு மூன்று நாள்
நூல் கட்டி, தண்ணிக் குழாயில் மட்டம் பிடித்து,
மதிலோரம் முழங்கால் ஆழம் தோண்டி,
துளையிட்ட பைப்பைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்து
முக்கால் இஞ்சிக் கல்லைக் கொட்டினார்.
நான் சல்லியைக் கொட்டினேன்.
பத்தடிக்கு ஓர் இஞ்சி வாட்டம்.
அதன்மேல் மறுபடியும் புல்.

இப்போது மழை நின்ற பிறகும்
அரை மணித்தியாலம் பைப் பேசும்.
படுத்துக்கொண்டே கேட்பேன்.
எங்கள் வளவிலிருந்து ஒழுங்கைக்கு,
ஒழுங்கையிலிருந்து
ஜெஸீமா வீட்டு வாசலுக்கு.

நேற்றுக் காலை கேற்றடியில் நின்றாள்.
சேலைக் கரையெல்லாம் சேறு.
"உங்கட புல்லு
நல்லா இருக்கு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நௌஸரின் நம்பரைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.