முப்பத்து மூன்றாம் இடம்

சிவப்பு எச்சரிக்கை மாலை ஐந்துக்கு விழுந்தது.
அதன்பின் சென் பியேரில் வெளியே நடமாடியவை
காற்றும், காற்று பிடுங்கிய தகரங்களும்.
மாற்றாள் வர வழியில்லை.
ஆய்வகத்தில் நேற்றும் நான், இன்றும் நான்.

குழாய் ஒன்று வந்தது, ஊதா மூடி.
பிறந்து ஆறு மணி நேரம், ஆண், ஓவாரோ.
இயந்திரம் ஒன்பதாயிரம் என்றது.
நம்பாமல் கண்ணாடிச் சில்லில் இழுத்துப் பார்த்தேன்.
எங்கோ ஓரத்தில் ஒரே ஒரு தட்டணு,
கடைசிப் பேருந்தை விட்டவனைப் போல.

பிள்ளையின் மார்பில், வயிற்றில்
சிவப்புக் கடுகு தெளித்தாற்போல் புள்ளிகளாம்.
உச்சிக்குழி வழியே பார்த்தார்கள்,
மூளைக்குள் இன்னும் கசியவில்லை.
தாய்க்கு எல்லாம் சரி.
தாய்க்கு எல்லாம் சரியாயிருந்ததுதான்
என்னைத் தூங்கவிடவில்லை.

தட்டணுவின் தோலில் ஒரு புரதம்,
காயம்பட்ட இடத்தில் கைகோத்து நிற்கும் கை.
எழுநூற்றுச் சொச்சம் மணி கோத்த சரம்.
அதில் முப்பத்து மூன்றாம் மணி
பெரும்பாலோர்க்கு லூசின்.
எனக்கும் அதுதான், ஓய்வு நேரத்தில் பார்த்து வைத்தேன்.
எலோடி வலியாமேக்கு
அப்பன் தந்த சரத்திலும் அம்மா தந்த சரத்திலும்
அங்கே புரோலின்.
அவ்வளவுதான்.
முப்பத்தொரு வருஷம் லிச்சி பறித்தாள், விரல் அறுத்தாள்,
இரத்தம் ஒழுங்காக உறைந்தது. யாருக்குத் தெரியும்?

பிள்ளை அப்பனிடமிருந்து லூசினோடு வந்தான்.
அவள் இரத்தம் அதைக் கண்டது,
நம்மாள் இல்லை என்றது.
தொப்புள்கொடி வழியே,
சோறு போகிற அதே பாதையில்,
ஆளனுப்பியது.

நள்ளிரவில் சக்கர நாற்காலியில் இறங்கி வந்தாள்.
விரதத்தை இங்கே கரேம் என்பார்கள்.
"தீ மிதிக்கு முன் கரேமில், பதினேழாம் நாள்,
கோழி தின்றுவிட்டேன். அதனாலா?"
கோழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை மடாம், என்றேன்.
"பின்னே இதைச் செய்தது யார்?"
நான் படித்ததில் அதற்கு ஒரு சொல் பதில் உண்டு.
விழுங்கிவிட்டு
கையை நீட்டுங்கள் என்றேன்.

பொருந்துகிற தட்டணு பாரிஸில் இருக்கிறது,
பதினோரு மணி நேரம், ஓடுதளமோ தண்ணீரில்.
அப்பன் சிலாவோஸில், மலைப்பாதை அறுந்து,
தொலைபேசிக்குள் மட்டும் மூச்சு விடுகிறான்.
இன்றிரவு இந்தத் தீவில்
அந்தப் பிள்ளைக்குள் இறங்கி உயிரோடு நிற்கக்கூடியவை
அவளுடைய முழங்கை மடிப்புக்குள் ஓடுகின்றன.

ஒன்றரை மணி நேரம் இயந்திரம் கடைந்தது.
தட்டணு அவளுடையது, வேண்டும்.
அது மிதக்கும் நீரும் அவளுடையது, கூடாது.
அரிசி களைவதுபோல்
முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி.
பிறகு ஆட்டும் தட்டில் வைத்தேன்.
அசையாமல் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
இடம், வலம், இடம்.
எலோடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.
ஜெனரேட்டர் ஒருமுறை விக்கியது, தட்டு நின்றது.
நான் எழுவதற்குள்
அவளே பையை எடுத்து மடியில் வைத்து ஆட்டினாள்,
நான் சொல்லித் தராத கணக்கில்.

நாலு மணிக்கு மறுபடி ஊதா மூடி.
எழுபத்தோராயிரம்.
சில்லிலும் பார்த்தேன்,
பேருந்தில் நிற்க இடமில்லை.

கழுநீர் மூன்று பை மிச்சம்.
வெளிர் மஞ்சள், அதைவிட வெளிர், வெறும் நீர்.
மாட்டுக்கு வைக்க முடியாத கழுநீர்.
ஒன்பது மாதம் கண்ணிமைக்காமல்
வாசல் காத்த ஆட்கள் அதில்.
எரிப்பதற்குச் சீட்டில் பொருள் என்ன என்று ஒரு கட்டம்.
பிளாஸ்மா, தாய், என்று எழுதினேன்.

கோப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் இன்னொன்று:
அடுத்த கர்ப்பமானால் தொடக்கத்திலேயே சொல்லவும்.
அதை அவள் இன்னும் கேட்கவில்லை.
வெளியே ஒரு தகரம்
தெரு முனை வரை போய்
திரும்பி வந்துகொண்டிருந்தது.