வால்விளக்கு

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
மயிரில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு ஏறினால்
தனிச்சியம் விலக்கு வரை பயமில்லை.
அதற்கப்புறம் விளக்குக் கம்பங்கள்
நட்டதோடு சரி.

தை பிறந்தால் ரோடு கரும்பு வண்டிகளுடையது.
ஆலை வாசலில் வரிசை பிடிக்க
நடுச்சாமத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.
முன்னால் ஒன்று போவது தெரியாது.
முதலில் வாடை, சோகையும் சாணியுமாய்.
அப்புறம் அச்சின் முனகல்.
அப்புறம் கண்ணுக்கு நேரே
ஒரு முழத்தில்
வெட்டுவாய்க் கரும்புகள்.

போன வருஷம் சடையாண்டி மோதினான்.
கண் தப்பியது. புருவத்தில் ஏழு தையல்.
அவன் ஹேண்டில்பார் இன்னும்
வாடிப்பட்டியைப் பார்த்தே திரும்பியிருக்கிறது.

நான் பெல் அடிப்பதில்லை.
வலத்து மாடு மிரண்டால் வண்டி என் பக்கம்தான் வரும்.
இருமுவேன்.
மாட்டுக்கு மனுஷ இருமல் பழக்கம்.
இடப்பக்கம் நுழைய மாட்டேன்,
அங்கே தார் முடிந்து கண்மாய் தொடங்குகிறது.
டைனமோதான் சதி செய்யும்.
வேகமாய் மிதித்தால் பளிச்சென்று எரியும்,
மாட்டு நடைக்கு மிதித்தால்
பீடி நுனி போலச் சிவந்து
செத்துப்போகும்.

அன்றைக்கு வண்டிக்காரர் தூங்கிவிட்டார்.
கரும்பின் மேல் தலைப்பாகை மட்டும் ஆடுகிறது.
மாடுகளுக்கு வழி தெரியும்.
லாரிக்குத்தான் மாடுகளைத் தெரியாது.

முந்தியிருக்கலாம்.
பெடலை ஒருதரம் அழுத்தவும் செய்தேன்.
பின்னால் வெகுதொலைவில்
எதுவோ கியர் மாற்றியது.
என் மட்கார்டில் ஒரு சிவப்புச் சில்லு உண்டு,
பதினைந்து ரூபாய்.
அந்த வண்டிக்கு அதுவும் இல்லை.

பத்தடி பின்தங்கி
ஓரமாய், ஆனால் தெரிகிற மாதிரி
வளைந்து வளைந்து மிதித்தேன்.
முதல் லாரியின் வெளிச்சம் என்னைத் தாண்டி
கரும்பையெல்லாம் ஒருகணம் வெள்ளியாக்கி
விலகிப் போனது.
இரண்டாவது, திட்டிவிட்டுப் போனது.
மூன்றாவது வந்தபோது எனக்கே தூக்கம்.

ஆலைத் திருப்பத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்க
தலைப்பாகை நிமிர்ந்தது.
"எவ அவ பின்னாடியே வாரவ?
கரும்ப உருவுன, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

இரண்டு மைல்.
சொல்லத்தான் வாய் திறந்தேன்,
சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் உருவினேன்.
ஒன்றே ஒன்று, நல்ல நீளம்.
கேரியரில் நெடுக்காக வைத்துக் கட்டினேன்.
பின்னால் வருகிறவன் கண்ணில் குத்துமே என்று
இறங்கி, யோசித்து,
நுனியில் என் கைக்குட்டையையும்.