உறிஞ்சுகுழி

நீளம் நான்கடி, அகலம் நான்கடி,
ஆழம் நான்கடி என்று
நோட்டில் எழுதியிருக்கிறேன்.
ஆழம் மூன்றடி சொச்சம்தான்.
அதற்குக் கீழே செம்பூராங்கல்.
யாசினின் கடப்பாரை
பொறி தெறிக்கத் திரும்பி வந்தது, இரண்டு முறை.
மூன்றாம் முறை அவன் ஓங்கவில்லை.

ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்து
படத்தோடு எழுதி வரச் சொல்லியிருந்தது
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு.
மற்றவர்கள் வாசகம் எழுதிய அட்டையோடு
பேருந்து நிலையத்துக்குப் போனார்கள்.
நாங்கள் நாலு பேர்
மண்வெட்டி கேட்டு வீடு வீடாக.

புதுவயலில், நெல் அவிக்கிற வாடை
எந்நேரமும் நிற்கிற எங்கள் தெருவில்
குழாயடித் தேங்கலும் நின்றது.
எத்தனை வருசமாக என்றால்
உங்களுக்கு மூத்தது என்றார்கள்.
நாலு செங்கல் போட்டுத் தாண்டித் தாண்டி
எல்லாருக்கும் கால் பழகிவிட்டது.
பாவாடையைத் தூக்கிச் செருகுவதும்
தண்ணீர் பிடிப்பதில் ஒரு பகுதி.

தேனம்மை மண் அள்ள
மோட்டார் வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள்.
முதல் நாள் சாயங்காலமே
அது அடி கழன்று உட்கார்ந்துவிட்டது.
இரண்டாம் நாள்
மண்ணுக்குள் ஒளிந்திருந்த கறுப்புக் குழாய் ஒன்றை
வெட்டிவிட்டோம்.
யாருடையது என்று தெருவெல்லாம் கேட்டோம்.
யாருடையதும் இல்லையாம்.
விடிவதற்குள் யாரோ அதை ஒட்டியிருந்தார்கள்,
நல்ல பசை போட்டு.

பெரிய கல், அதன் மேல்
இடித்த மாவுமில் சுவரின் செங்கல் ஜல்லி,
அதன் மேல் மணல்.
சகாயநிஷாவின் கையில் மூன்று கொப்புளம்.
என் கையில் ஒன்றுமில்லை,
நான் அளவு எழுதுகிறவன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டார்கள்.
குடங்கள் நிரம்பின, வழிந்தன.
வழிந்தது குழிக்குள் இறங்கி
எந்தப் பக்கம் போனதென்று சொல்லாமல் போனது.
கைதட்டுவார்கள் என்று
முகிலரசன் தலை சீவி வந்திருந்தான்.
ஒருவரும் தட்டவில்லை.
ஒரு அக்கா மட்டும்
பாவாடையைத் தூக்காமல் நேரே நடந்து வந்து
குடத்தை வைத்தாள்.
தூக்க மறந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த நொண்டிச் செவலை வந்தது.
வழக்கமான இடத்தில் நின்றது.
மணலை மோந்தது. நக்கியது.
அரிசி ஆலைப் புழுதி ஒட்டின மூக்கைத் தூக்கி
எங்களைப் பார்த்தது.
அதன் பின்னால் இரண்டு மைனா.
கூட்டுக்கு ஈரமண் உருட்ட வரும் குளவி ஒன்று
வட்டம் போட்டு வட்டம் போட்டு
விலாசம் தொலைத்ததுபோல் அலைந்தது.

தேங்கலுக்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

நாய்க்காகவா குழி வெட்டினோம் என்றான் முகிலரசன்.
யாசின் அவனோடு ஒரு நாள் பேசவில்லை.
ஞாயிற்றுக்கிழமை
முகிலரசனே அண்ணனின் பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான்,
வார் அறுந்தது, கண்ணாடி போனது.
மல்லாத்திப் பாதி புதைத்தோம்.
இப்போது வழிகிற தண்ணீர்
முதலில் அந்தத் தலைக்குள் போய்
மிச்சம்தான் குழிக்கு.

கொசு வைக்குமே என்றாள் நிஷா.
சரிதான். தினமும் கவிழ்த்து ஊற்றவேண்டும்.
ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டோம்.
நாலு பேருக்கு ஏழு நாள் எப்படிப் பிரியும்?
அதில் ஒரு சண்டை.

நோட்டு திரும்பி வந்தது. பத்துக்கு ஏழு.
நான்கடி ஆழத்துக்குப் பெரிய சரி போட்டிருந்தார்கள்.
பொருள்கள் வரிசையில்
'ஹெல்மெட் - 1' என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

மற்றக் குழுக்களின் அட்டைகள்
அலமாரிக்கு மேல் அடுக்கியிருக்கின்றன.
நான் கிளம்பவேண்டும்.
இன்று வியாழன், என் முறை.