குளம்புக் கை

இறந்தவை என்ற பத்தியில்தான் தொடங்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு என்று அடிக்க,
நாலு அங்கே விழுந்தது.
பன்னிரண்டு மட்டும் இரண்டு வரிசை மேலேறி
யாருடைய ஒட்டகங்களுக்குள்ளோ போய்ப் படுத்துக்கொண்டது.

அழித்தேன். மறுபடி அடித்தேன்.
இம்முறை லுவ்சான் வீட்டு வெள்ளாடுகள்
அவர் பெயருக்குள்ளேயே புகுந்தன:
லுவ்31சான்.

கோபியின் வட ஓரம், மார்ச்.
கால்நடை அலுவலக அடுப்புக்கு
பதினொன்றாம் தேதியோடு நிலக்கரி தீர்ந்தது.
சாம்பல்மேல் என் தேநீர்க் கோப்பை, வெறும் பழக்கத்தில்.
பனி இறுகிப்போன குளிர்காலத்தின் கணக்கு
வெள்ளிக்கிழமைக்குள் மாகாணத்துக்குப் போக வேண்டும்.

தொலைபேசியில் கணினிப் பையன் முன்க்பாட்:
அக்கா, தட்டினால் சொடுக்குவதை நிறுத்திவிடு.
அப்படி ஒரு பொத்தானே இந்தக் கிழ லேப்டாப்பில் இல்லை.
சரி, டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடு.
போட்டேன். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது.
அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா பார்,
பேட்டரி வீங்கினால் கீழிருந்து முட்டும்.

கவிழ்த்துப் போட்டு
பசுவின் வயிற்றை அமுக்குவதுபோல் அமுக்கினேன்.
இருபத்திரண்டு வருடமாக
வீக்கம் பார்த்துத்தானே சம்பளம்.
வீக்கம் இல்லை.
பிறகு உனக்குப் பேய்தான் அக்கா, என்றான் முன்க்பாட்.
வைத்துவிட்டேன்.

எதிரே தோர்ஜ்பலாம்,
சிகரெட் அட்டையின் உட்புறத்தில்
கோடு கோடாய்க் கிழித்த கணக்கோடு.
ஐந்தைந்தாய்ச் சேர்த்துக் கட்டிய கோடுகள்.
கடைசிக் கட்டு மட்டும் மூன்றில் நின்றிருந்தது.
இருநூற்றுப் பதின்மூன்று, என்றார்.
அடித்தேன்.
கர்சர் ஒரு துள்ளல்.
இருநூற்றுப் பதின்மூன்றும்
உயிரோடுள்ளவை பத்திக்குப் போய் நின்றன,
அடிவரி தானாகக் கூட்டிக்கொண்டது.

திரையை இப்படித் திருப்பு, என்றார்.
திருப்பினேன்.
வாய் அசைய ஒவ்வோர் எண்ணாகப் படித்தார்.
நல்ல மிஷின், என்றார்.
அவர் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

அப்புறம் அவர்தான் கண்டுபிடித்தார்.
மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதும்
என் கையையே பார்க்கிற மனிதர்.
உன் நுதர்கா, என்றார், அது மேய்கிறது பார்.

குளிருக்கு மடித்து இறக்கிவிட்ட மேலங்கியின் கைமுனை,
குதிரைக் குளம்பு போல் வெட்டித் தைத்தது.
மேல்வரிசை எண்களுக்கு நான் விரல் நீட்டும்போதெல்லாம்
பின்னாலேயே வந்து டச்பேடை மிதித்தது.
அந்தச் சதுரம் வெறும் துணியை அறியாது.
தங்கை கல்யாணத்துக்கு ஓரத்தில் நான் வைத்த
வெள்ளி ஜரிகையை
விரல் என்றே நம்பியிருக்கிறது.

சுருட்டி மேலேற்றினேன்.
பத்து நிமிடத்தில் மணிக்கட்டு மரத்தது,
மூன்றும் எட்டும் ஒரே சாவியாகத் தோன்றின.
மறுபடி இறக்கினேன்.
கோமாரித் தடுப்பூசிப் பெட்டியின் மூடியை
கத்தரியால் சதுரமாக வெட்டி
டச்பேடின்மேல் வைத்து
நாலு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டினேன்.
மவுஸ் பள்ளிக்கூடத்தில் இரவலில் இருக்கிறது,
அம்புச் சாவிகள் போதும்.

கர்சர் நின்றது.
முளையடித்துக் கட்டியதுபோல்
நின்ற இடத்திலேயே கண் சிமிட்டியது.

இனி அந்த இருநூற்றுப் பதின்மூன்றை
இடம் மாற்ற வேண்டும்.
தோர்ஜ்பலாம் தொப்பியை எடுத்தார், போட்டார், எடுத்தார்.
நான் தேநீர் ஊற்றப் போகிறேன், என்றேன்.
ஆறிப்போன தேநீரை
இருக்கிற நேரமெல்லாம் எடுத்து ஊற்றினேன்.
திரும்பி வந்தபோது
நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தியிருந்தார்.
செய், என்றார்.
வெட்டினேன். ஒட்டினேன்.
அடிவரி மறுபடி தானாகக் கூட்டிக்கொண்டது:
முப்பது.

வெளியே அடுத்தவரின் மோட்டார் சைக்கிள் சத்தம்.

திங்கட்கிழமை மாகாணத்திலிருந்து அழைத்தார்கள்.
எல்லாம் சரி டாக்டர்,
இந்த லுவ்31சான் யார்?