நாலாம் தட்டு

குன்னூரில் மூன்று மணியிலிருந்து மின்சாரம் இல்லை.
முப்பது டிகிரி கேட்கும் ஈஸ்ட்டுக்கு
என் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு
வெறும் தோளோடு நிற்கிறேன்.
பெட்டஃபோர்ட் பக்கமிருந்து ஏறிய பனி
ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்க்கிறது.

மூன்றாம் குரோமோசோமில் விசித்திரமான குடித்தனம்.
இடது கோடியில் ஆல்ஃபா, வலது கோடியில் ஏ.
இரண்டும் முழு வாக்கியம்,
ஓர் எழுத்துக்கூடக் குறையில்லை;
வாயில் மட்டும் பூட்டு.
பேசுவது நடுவில் இருப்பது.
அதுவும் இவற்றில் ஒன்றின் நகல்தான்.

பூட்டுகிற புரதத்தின் பெயர் சர் என்றேன்.
'சத்தம் போடாதே என்கிற அதே சாரா?'
என்றார் பெள்ளிராஜ், அடுப்பில் கெட்டிலை வைத்தபடி.
அதேதான்.
ஹிஸ்டோன் வாலில் ஒட்டிய அசெட்டைலைக்
கிள்ளிக் கிள்ளி எடுப்பார்,
இழை இறுகும், வகுப்பு அடங்கும்.

நாலாம் தட்டில் நேற்று நிக்கோடினமைடு கலந்தேன்.
பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இருக்கிற சரக்கு.
சாரின் கை மரத்துப்போகும்.
இரண்டு கோடியும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும்.

இன்று எல்லாத் தட்டுக்கும்
ஆல்ஃபாவின் அழைப்பை ஒரு சொட்டு வைத்தேன்.
போன் டார்ச்சில் நுண்ணோக்கி:
ஒன்று, இரண்டு, மூன்றில்
ஒவ்வொரு செல்லும் பேரிக்காயாக நீண்டு
அழைத்த பக்கம் கழுத்தை நீட்டுகிறது.
நாலில்
உருண்டை உருண்டையாக மொட்டு விட்டுக்கொண்டு
தம் வேலையைப் பார்க்கின்றன.
தனக்குள் ஏற்கெனவே இருவர் என்று
நினைத்துவிட்ட செல்லுக்குக்
காது கேட்காது.

டார்ச் அணைகிறது, போன் அதிர்கிறது.
அப்பா. மஸ்கெலியாத் தமிழில்
கூடலூர் தவசீலனைப் பற்றிச் சொல்வார்.
வைத்ததும் அம்மா. படுகு மொழியில்
கேத்தியில் ஒருவர், வங்கி வேலை.
இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள்.
இரண்டு மொழியும் எனக்கு முழுசாகத் தெரியும்.
தவசீலனின் மூன்று குறுஞ்செய்திகள்
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திறக்காமல் இருக்கின்றன.

'மருந்தைக் கழுவிட்டா மறுபடி அடங்கிடுமா மேடம்?'
அடங்கும்.
'எல்லாமேவா?'
கெட்டில் கூவுகிறது.
எண்ணிப் பார்த்ததில்லை என்கிறேன்,
நாலாம் தட்டைச் சால்வைக்குள்
இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்து.